காகிதம் தேடிய சிறுமி

வீரசாகசக் கதை என்றவுடன் வாளேந்திய வாலிபனையும், அவனுக்கு எதிரே வாயைப் பிளந்து நிற்கும் ராட்சச சர்ப்பத்தையும் மனக்கண்ணில் கண்டு பழகிப்போன நமக்கு, மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வருவதற்குள் மூச்சு இரைத்துப் படுத்துவிடுகிற ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, எழுதுவதற்கு ஒரு தாள் காகிதம் வேண்டுமென்று ஊரையே கலக்குகிறாள் என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஜப்பானிய எழுத்தாளர் கஸுகி மியாவின் ‘ஹொன்ஸுகி நோ கெகொகுஜோ’ என்ற நாவலின் ஸ்வாரஸ்யம் அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பமாகிறது. ‘கெகொகுஜோ’ என்பது, ஜப்பானில் பிரபுக்கள் ஓயாது போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கவிழ்த்து அதிகாரத்தைப் பிடிப்பதற்கு வழங்கிய சொல். அத்தனை பயங்கரமான வார்த்தையைப் புஸ்தகப் பைத்தியம் பிடித்த ஒரு சிறுமிக்குச் சூட்டியதே ஆசிரியையின் முதல் குறும்பு.

‘நாவலாசிரியர் ஆவோம்’ என்று பொருள்படும் பெயருடன் 2004-ல் ஜப்பானில் தோன்றிய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம்; யாரும் காலணா கொடுக்காமல் படிக்கலாம். அங்கேதான் 2013 செப்டம்பரில் தொடங்கி 2017 மார்ச் வரையில் 677 அத்தியாயங்களாக இந்தக் கதை வளர்ந்தது.

கதாநாயகி முற்பிறவியில் ஒரு ஜப்பானிய மாணவி. நூலகத்தில் உத்தியோகம் கிடைத்த சந்தோஷம் ஆறுவதற்கு முன்பே, பூகம்பத்தில் சரிந்த புஸ்தகங்களின் அடியில் சிக்கி உயிர்விடுகிறாள். மறுஜன்மத்திலும் படிக்க வேண்டும் என்ற அபிலாஷையோடு கண்ணை மூடியவள், எரென்ஃபெஸ்ட் என்ற நகரத்தில், கோட்டை வாயில் காக்கும் சேவகன் ஒருவனுடைய நோயாளி மகள் மைன் ஆகக் கண் விழிக்கிறாள். அந்த உலகத்தில் புஸ்தகம் பிரபுக்களின் சொத்து. ஏழைகளின் வீட்டில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. இல்லாவிட்டால் என்ன, நாமே செய்துகொண்டால் போகிறது என்று அவள் தீர்மானிக்கிற அந்தக் கணத்தில்தான் சாகசம் பிறக்கிறது.

பண்டைய எகிப்தியரைப் பின்பற்றிப் புல்லின் நாரைப் பின்னிப் பார்க்கிறாள். விரலகலம் பின்னுவதற்குள் பொறுமை தீர்ந்துவிடுகிறது. களிமண் பலகையில் எழுதிச் சுட்டால், அது அடுப்பிலேயே வெடிக்கிறது. மரத்தைச் சீவி அதில் எழுதி வைத்தாலோ, தாயார் அதை விறகென்று எண்ணி எரித்துவிடுகிறாள். எனக்கென்னவோ அந்தத் தாயாரிடம் கோபமே வரவில்லை. குளிருக்குச் சுள்ளி பொறுக்குகிறவளுக்கு, கீறல் விழுந்த மரச்சிராய்கள் மகா கிரந்தமாகவா தோன்றும்?

பக்கத்து வீட்டுப் பையன் லுட்ஸ் துணைக்கு வந்த பிறகே காரியம் கைகூடுகிறது. கூந்தலைப் பளபளப்பாக்கும் எண்ணெய்க் கலவையின் பக்குவத்தை பென்னோ என்ற வியாபாரிக்கு விற்று, அதற்கு ஈடாகச் சாமான்களைச் சம்பாதித்து, ஆற்றங்கரையில் மரக்கிளைகளை ஆவியில் வேகவைத்து, பட்டையை உரித்துச் சாம்பல் நீரில் கொதிக்கவிட்டு, கூழாகும் வரையில் அடித்து, பசைநீர் சேர்த்து, மெல்லிய சல்லடைச் சட்டத்தால் அள்ளிப் பலகையில் உலர்த்தி, இரண்டு குழந்தைகளுமாகக் காகிதம் செய்துவிடுகிறார்கள். இது கற்பனையல்ல, ஜப்பானியக் கிராமங்களில் ‘வாஷி’ என்னும் கைக்காகிதம் செய்கிற முறை ஏறக்குறைய இதுவேதான். மாயமந்திர உலகத்துக் கதையில் வாசகன் ஒரு கைத்தொழிலையே கற்றுக்கொண்டுவிடுகிறான்.

மைனுடைய துணிச்சலில் வீறாப்பு இல்லை என்பதுதான் அதன் அழகு. ஏழு வயதுச் சடங்குக்காக ஆலயத்துக்குப் போனவள், ஒற்றைக் காலில் நின்று இரு கரங்களையும் உயர்த்திக் கடவுளைத் தொழுகிற கூட்டத்தைக் கண்டு சிரிப்பை அடக்க மாட்டாமல் மயங்கி விழுகிறாள். தூக்கிச் சென்று படுக்க வைத்த அறையிலிருந்து எழுந்து வழி தவறி அலைகிறபோதே, பூட்டிய சொர்க்கத்தைப் போல ஒரு புஸ்தகசாலை அவள் கண்ணில் படுகிறது. அவ்வளவுதான், சற்றுமுன் பார்த்துச் சிரித்த அந்த மதத்திலேயே சேர்ந்துவிட வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள்!

2015 ஜனவரியில் அச்சேறத் தொடங்கிய நாவல், 2023 டிசம்பரில் 33-வது புஸ்தகத்தோடு நிறைவெய்தியது. பிரபுக்களின் வித்யாசாலைக்குக் கதை நகர்ந்த பின்பு பாத்திரங்கள் பெருகி, பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே படிக்க வேண்டிய அவஸ்தை நேர்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆகையால், ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்க முடிந்தவர்கள், ஏழை வீடும் ஆற்றங்கரையும் நிறைந்த முதல் மூன்று புஸ்தகங்களை மட்டும் முதலில் வாங்கிப் பாருங்கள்.