ரேடியேட்டர்ல குழாய்த் தண்ணி ஊத்துறீங்களா? கொஞ்சம் நில்லுங்க பாஸ்!

குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புறீங்க. திண்டிவனம் தாண்டும்போது டெம்ப்ரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடுது. வண்டியை ஓரங்கட்டினால், டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரோடு வர்றார். ``ஊத்துங்க தம்பி, சரியாயிடும்!''

எங்கள் வீட்டு பழைய ஹேட்ச்பேக்கும் அன்று சரியாகத்தான் ஆனது. சிக்கல் என்னன்னா, அப்பா அதையே பழக்கமாக்கிட்டார். கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணி. ரெண்டே வருஷத்தில் ரேடியேட்டரில் ஊசித்துளை. இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட்டும் காலி. ``அலுமினியம் துருப்பிடிக்காதேப்பா?'' என்று மெக்கானிக்கிடம் அப்பா கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

அலுமினியத்துக்கு என்ன ஆகுது?

இரும்பு மாதிரி செந்துரு பிடிக்காது, ஆனா, அரிக்கும். காற்று பட்டதுமே அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் உருவாகும். அதுதான் கவசம். தண்ணீரில் இருக்கும் குளோரைடு உப்பு, அந்தக் கவசத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கும். ரேடியேட்டர் குழாயின் சுவர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. துளை விழ எவ்வளவு நேரமாகும்?

போதாக்குறைக்கு, உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் படியுதே வெள்ளைப் பொருக்கு, அதே கதைதான். குழாய் அடைபட்டு, சூடு வெளியேறாது. இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பாக இருந்தால் இன்னொரு வில்லனும் ரெடி. இரண்டு உலோகங்களும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் முதலில் கரைவது அலுமினியம்தான்.

கூலன்ட் என்ன செய்யுது?

பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். தண்ணீரோடு சரிபாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி செல்சியஸுக்கு உயரும். அதைவிட முக்கியம், அதில் கொஞ்சமாகச் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பான்கள். உலோகத்தைக் காப்பது அவைதான். நாளாக நாளாக அவை தீர்ந்துபோகும். அதனால், `டேங்க் ஃபுல்லாத்தானே இருக்கு' என்று நிம்மதியாக இருக்க முடியாது.

நீங்க செய்ய வேண்டியது

* கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் அல்லது டி-மினரலைஸ்டு வாட்டர் மட்டும் கலக்கவும். பாட்டில் குடிநீரிலும் தாது உப்புகள் இருக்கும். குழப்பமே வேண்டாம் என்றால், ரெடி மிக்ஸ் வாங்கிடுங்க.

* பச்சை, சிவப்பு, நீலம்னு கலரைப் பார்த்து வாங்காதீங்க. கலருக்குப் பொதுவான விதி கிடையாது. ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன வகைதான் சரி. இரண்டு வகையைக் கலந்தால் தடுப்பான்கள் பலமிழக்கலாம்.

* பழைய வகை கூலன்ட்டை சுமார் 2 வருடத்திலும், ஓ.ஏ.டி வகையை சுமார் 5 வருடத்திலும் மாற்றுவது வழக்கம். உங்கள் காருக்கான கணக்கு மேனுவலில் இருக்கும்.

* மாதம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க்கைப் பாருங்க. அளவு குறைந்துகொண்டே போனாலோ, பழுப்பாகக் கலங்கியிருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டிடுங்க.

* சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

* பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டாதீங்க. இனிப்பாக இருக்கும், ஆனா விஷம். நாய்களோ குழந்தைகளோ குடித்தால் சிறுநீரகத்தையும் உயிரையுமே பறிக்கும்.

அப்போ, நடுரோட்டில் நின்னா?

இன்ஜின் நன்றாக ஆறட்டும். வேறு வழியே இல்லையென்றால், டீக்கடைத் தண்ணியை ஊற்றலாம், தப்பில்லை. ஆனா, ஊர் போய்ச் சேர்ந்ததும் லீக் எங்கேன்னு பார்த்து, முழுசா ஃப்ளஷ் பண்ணி, புது கூலன்ட் நிரப்பிடுங்க.

அப்பா இப்போ டிக்கியில் ஒரு லிட்டர் ரெடி மிக்ஸ் கேன் வச்சிருக்கார். டீக்கடையில் நிறுத்துவது, டீக்கு மட்டும்தான்!