நாலு வயசுக்கும் ஒரு ஓட்டு

அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு மேற்கே, ஃபிரேமிங்ஹாம் ஊரில், பத்து ஏக்கர் நிலத்தில் ஒரு பழைய கருங்கல் மாளிகை. பக்கத்தில் குளம், தள்ளி ஒரு களஞ்சியக் கட்டடம், அதற்கப்பால் காடு. 1968 முதல் இங்கே நடப்பது சட்பரி வேலி பள்ளி. அரசுப் பணத்தில் ஓடாத தனியார் பள்ளி. ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்து படிப்பது. விடுதி கிடையாது, மாலையானால் எல்லோரும் வீட்டுக்கு. இதுவரை அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே மணி அடிப்பதில்லை. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு இல்லை. பாடத்திட்டம், பரீட்சை, ரேங்க் கார்டு எதுவும் இல்லை.

அப்படியென்றால் பிள்ளைகள் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? பெரும்பாலும் விளையாடுவார்கள், அதைவிட அதிகமாகப் பேசுவார்கள். ஒரு மூலையில் சீட்டாட்டம், இன்னொரு அறையில் கிடார், சமையலறையில் யாரோ கேக் சுடுகிறார்கள், வெளியே மரத்தின் மேல் நாலு பேர். நான்கு வயதுக் குழந்தையும் பதினேழு வயது இளைஞனும் ஒரே அறையில் இருப்பது அங்கே சாதாரணம். சின்னவர்களுக்குப் பெரியவர்களின் பேச்சே பாதிப் பாடம். ஒருநாளும் வகுப்பு கேட்காமல், வீடியோ கேமின் திரையில் வரும் சொற்களைப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் சுதந்திரத்தைக் கண்டு சொக்கிப் போகிறார்கள், அல்லது பதறுகிறார்கள். என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது அதன் சட்டப் புத்தகம். சத்தம் போடக் கூடாத அறை எது, குப்பையை யார் அள்ள வேண்டும், மைக்ரோவேவைத் தொடுவதற்கு முன் யாரிடம் பழகித் தேற வேண்டும் என்று வரிசையாக விதிகள். விதி ஒவ்வொன்றும் ஓட்டெடுப்பில் நிறைவேறியது.

விதியை மீறினால் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்ப முடியாது, தலைமையாசிரியரே இல்லை. யார் மீதும் யாரும் புகார் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாத குழந்தை, சொல்லச் சொல்ல இன்னொருவரை எழுத வைக்கும். புகார்களை விசாரிக்க ஒரு நீதிக் குழு உண்டு. வெவ்வேறு வயது மாணவர்களும் பெரியவர் ஒருவரும் அதில் உட்காருவார்கள். சாட்சிகளைக் கூப்பிட்டுக் கேட்டு, நடந்தது இன்னது என்று எழுதி, எந்த விதி மீறப்பட்டது என்று பார்த்துக் குற்றம் சாட்டுவார்கள். ஒப்புக்கொண்டால் தண்டனை: அந்த அறைக்குள் ஒரு நாள் வரக் கூடாது, குப்பை அள்ள வேண்டும் என்கிற மாதிரி. மறுத்தால் தனி விசாரணை. பள்ளி ஊழியர் மீதும் புகார் போடலாம், போடுகிறார்கள். தான் புகார் கொடுத்த பையனோடு மதியம் பந்து விளையாட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே ஒரு பிள்ளை எழுந்து நின்று சாட்சி சொல்கிறது. பல பெரியவர்களுக்கே வராத பழக்கம் இது.

சட்டம் பிறக்கும் இடம் வாரந்தோறும் கூடும் பள்ளிக் கூட்டம். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு ஓட்டு, நிறுவனருக்கும் ஒரே ஓட்டு. பணத்தை எதற்குச் செலவிடுவது, அத்துமீறியவரைப் பள்ளியைவிட்டு நீக்குவதா என்பதெல்லாம் அங்கேதான் தீரும். வர விருப்பம் இல்லாதவர் வர வேண்டியதில்லை. சலிப்பூட்டும் பட்ஜெட் விவாதத்துக்கு நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். தங்கள் விளையாட்டைத் தடை செய்யும் தீர்மானம் வந்தால் அறை நிரம்பிவிடும். ஊர்ச் சபைகளின் லட்சணமும் இதுதானே! இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் ரகசிய வாக்கெடுப்பு. பணி நிரந்தரம் என்பதே கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவிட்டு வந்து இப்பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேனியல் கிரீன்பெர்க்கும் அந்த வாக்கெடுப்பைத் தாண்டித்தான் வேலையில் இருந்தார். அவர் 2021இல் காலமானார்.

கணக்குப் பாடம் பற்றி அவர் எழுதிய கதை பிரபலம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுள்ள பன்னிரண்டு பிள்ளைகள் வந்து கூட்டல், கழித்தல் எல்லாம் சொல்லிக் கொடுங்கள் என்றார்கள். முதலில் பிகு பண்ணிக்கொண்டார். பிறகு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். பதினொரு மணிக்கு வகுப்பு, ஐந்து நிமிடம் பிந்தினால் அன்றைக்கு வகுப்பு இல்லை, இரண்டாம் முறை பிந்தினால் எப்போதுமே இல்லை என்று நிபந்தனை போட்டார். 1898இல் அச்சான ஒரு பழைய கணக்குப் புத்தகம்தான் பாடநூல். இருபது வாரத்தில், அதாவது மொத்தம் இருபது மணி நேரத்தில், தொடக்கப் பள்ளிக் கணக்கு முழுவதும் முடிந்துவிட்டது என்கிறார். சொன்னவர் நிறுவனர் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கிறேன். ஆனாலும் தானாகக் கேட்டு வந்த பன்னிரண்டு பேருக்குச் சொல்லித் தருவதும், உட்கார வைக்கப்பட்ட நாற்பது பேருக்குச் சொல்லித் தருவதும் ஒரே வேலை இல்லை என்பது எந்த வாத்தியாருக்கும் தெரியும்.

பாஸ்டன் கல்லூரி உளவியலாளர் பீட்டர் கிரே, தன் மகனை இங்கே சேர்த்தவர். டேவிட் சானாஃப் என்பவருடன் சேர்ந்து பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். 1986இல் வெளியான அந்த ஆய்வில் 76 பேரில் 69 பேர் பதில் சொன்னார்கள். மேற்படிப்புக்குப் போக விரும்பியவர்கள் போயிருந்தார்கள். மற்றவர்கள் பலவிதமான தொழில்களில் நிலைத்திருந்தார்கள். மதிப்பெண் பட்டியல் இல்லாதது பெரிய தடையாக இருக்கவில்லை. ஆனால் இதைப் பெரிய நிரூபணமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். கட்டணம் கட்டி, இப்படியொரு பள்ளியைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் பெற்றோர் வீட்டில் புத்தகமும் பேச்சும் ஏற்கெனவே இருக்கும். அவை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதே சுதந்திரம் என்ன செய்யும் என்பதற்கு அறுபத்தொன்பது பேரின் பதில் போதாது.

பள்ளியை முடிக்க டிப்ளமா கட்டாயமில்லை. வேண்டுமென்பவர், பெரியவர்களின் உலகில் பொறுப்போடு வாழத் தன்னை எப்படித் தயார்படுத்திக்கொண்டார் என்று எழுதி, கேள்வி கேட்பவர்கள் முன் நின்று அதற்காக வாதாட வேண்டும். நீதிக் குழு முன்னால் பத்து வருடம் வாதாடிய பிள்ளைக்கு அது புதிதாக இருக்காது.