மோட்டார்க் கொட்டகையிற் பிறந்த பாட்டுக்கள்

பாடகர் ஒருவரிடம் அவர் பாடிப் பதிந்த ஒலிநாடாவில் ஒரு பிரதி வேண்டுமென்று கேட்டால், இன்னொரு நாடாவிற் பதித்துத் தருவார். 1980களின் தொடக்கத்தில் டானியல் ஜோன்ஸ்டன் என்னும் அமெரிக்க இளைஞரிடம் அதற்குரிய இரண்டாவது கருவி இருக்கவில்லை. ஆகவே கேட்டவருக்காக அவர் மீண்டும் உட்கார்ந்து, எல்லாப் பாட்டுக்களையும் தொடக்கம் முதல் இறுதிவரை புதிதாகவே பாடிப் பதிந்து கொடுத்தார். விலைப்பட்டியலும் விளம்பரமும் இன்றி இவ்வாறு கைக்குக் கை மாறிய பாட்டுக்களைப் பற்றியே இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

ஜோன்ஸ்டன் 1961இற் கலிபோர்னியாவிற் பிறந்து, மேற்கு வேர்ஜீனியாவிற் சமயப்பற்று மிகுந்த குடும்பமொன்றில் வளர்ந்தவர். பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டுக்களும் சித்திரக்கதைப் புத்தகங்களும் அவருடைய இளமைக்காலத்தை நிரப்பின. பெற்றோர் வீட்டின் நிலவறையிலேயே முதல் நாடாக்களைப் பதிந்தார். 1983இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தம் தமையனார் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த மோட்டார்க் கொட்டகையிற் பதிந்ததுதான் ‘யிப் ஜம்ப் மியூசிக்’ என்னும் தொகுப்பு. பெயரே ஒரு குதிப்பு!

அதிற் கையாண்ட கருவிகளைச் சொன்னால் நம்மூர்ப் பஜனை மடத்துக்காரரும் புன்னகை செய்வர். வாத்தியம், ‘கோட் ஓர்கன்’ எனப்படும் விளையாட்டுச் சாமான் போன்ற சிறு பெட்டி. நம் ஆர்மோனியத்துக்கு இது தூரத்து உறவு. ஆர்மோனியத்திற் கையால் துருத்தியை அசைக்கிறோம். இதிலோ மின்விசிறி ஒன்று காற்றை நாவுகளின்மேற் செலுத்துகிறது. வலக்கைக்குக் கட்டைகள், இடக்கைக்குப் பொத்தான்கள். ஒரு பொத்தானை அழுத்தினாற் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும். விசிறியின் இரைச்சலை நிறுத்த வழியில்லை. பதிந்த கருவியோ 59 டொலர் விலையுள்ளதென்று கூறப்படும் ஒரு சாதாரண சன்யோ கசெற் பெட்டி.

இந்த நாடாக்களில் ஏன் அத்தனை இரைச்சல் என்று கேட்போருக்கு ஒரு விளக்கம். ஒலிப்பதிவுக் கூடங்களிலே அகன்ற நாடா, வினாடிக்கு 38 சென்ரிமீற்றர் அல்லது அதன் இருமடங்கு வேகத்தில் ஓடும். கசெற் நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு; வேகம் வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர்தான். ஒலியைத் தாங்கும் இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள் அந்த அளவுக்குக் குறைவாகவே பதிவுமுனையைக் கடந்து செல்கின்றன. அதனால் மழை தூறுவதுபோன்ற ‘உஸ்’ என்னும் ஓசை மேலெழுகிறது. இதனோடு இன்னொன்று. இத்தகைய கையடக்கப் பெட்டிகளிற் பெரும்பாலானவை ஒலியளவைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். பாடகர் ஓய்ந்தால், ஏதோ குறைகிறதென்று எண்ணிக் கருவி தன் செவியைக் கூர்மையாக்கும். அறையின் இரைச்சல் முன்னே வரும். அவர் மீண்டும் பாடியதும் அது பின்வாங்கும். கேட்பவருக்கு அந்த அறையே மூச்சுவிடுவதுபோலத் தோன்றும்.

ஆனால் இரைச்சலை விலக்கிவிட்டுப் பாட்டுக்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்பீடிங் மோட்டார்சைக்கிள்’ என்னும் பாட்டிலே தம் இதயத்தையே வேகமாக ஓடும் மோட்டார்ச் சைக்கிளாக்குகிறார். ‘கிங் கொங்’ என்ற பாட்டில் அந்தப் பழைய திரைப்படக் கதையை முழுவதும் சொல்லி, குரங்கின் பக்கமே நின்று இரங்குகிறார். குரல் மெல்லியது, சிறுவன் குரல் போன்றது; சுருதி சில இடங்களில் வழுகிவிடும். மெட்டோ வழுவுவதில்லை. 

இதற்குச் சான்று பிறர் பாடியவை. யோ லா டெங்கோ குழுவினர் 1990இல் ‘ஸ்பீடிங் மோட்டார்சைக்கிள்’ பாட்டை வெளியிட்டனர். 2004இல் வெளிவந்த மரியாதைத் தொகுப்பில் ‘கிங் கொங்’ பாட்டைப் பாடியவர் ரொம் வெயிற்ஸ். விசிறியும் கொட்டகையும் இல்லாத இடத்திலும் அப்பாட்டுக்கள் உயிருடன் நின்றன.

அதே ஆண்டிற் பதிந்த ‘ஹாய், ஹவ் ஆர் யூ’ என்னும் நாடாவுக்கு ‘முற்றுப்பெறாத தொகுப்பு’ என்று துணைப்பெயரும் இட்டார். அதன் உறையில் அவரே வரைந்த, கண்கள் கொம்புகளிலே நிற்கும் தவளை பின்னாளிற் பாட்டுக்களினும் புகழ்பெற்றது. ஒஸ்டின் நகரில் மக்டொனால்ட்ஸ் உணவகத்தில் வேலை செய்துகொண்டே, காண்போரிடமெல்லாம் நாடாக்களைக் கொடுத்தார். 1985இல் எம்.ரி.வி. தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிலே தோன்றினார். 1992இல் நிர்வானா குழுவின் கேர்ட் கோபெய்ன் அந்தத் தவளைச் சட்டையை அணிந்து எம்.ரி.வி. விருது விழாவுக்கு வந்ததும் உலகம் விசாரிக்கத் தொடங்கியது.

இங்கேதான் நான் சற்று நிற்க விரும்புகிறேன். உற்சாகமும் சோர்வும் எல்லைமீறி மாறி மாறி வரும் கொடிய மனநோய் ஜோன்ஸ்டனை வாட்டிற்று. 1990இல் தந்தையார் ஓட்டிய சிறு விமானத்திற் செல்லும்போது, இயந்திரச் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். விமானம் மரங்களிடையே விழுந்தும், படை விமானியாகப் பயின்ற தந்தையாரின் திறத்தால் இருவரும் உயிர்தப்பினர். இக்கதையைச் சுவையாகச் சொல்லி, பித்தே அவரைக் கவிஞராக்கியது என்பாரும் உளர். எனக்கு அது உடன்பாடன்று. பெரிய நிறுவனமொன்று நீட்டிய ஒப்பந்தத்தை வீண் அச்சத்தால் மறுக்கச் செய்தது அந்த நோய். நெடுங்காலம் வைத்தியசாலையிற் கிடத்தியதும் அதுவே. பாட்டுக்களைச் செய்ததோ, பீற்றில்ஸ் மெட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயின்ற கை.

பின்னர் அத்லாந்திக் நிறுவனத்துக்காக 1994இல் நல்ல கூடத்திற் பதிந்த ‘பன்’ என்னும் தொகுப்பு விலைபோகவில்லை. நிறுவனமும் அவரைக் கைவிட்டது. அது குறைபட்ட வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் கசெற் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து ஒருவருக்காக மட்டும் பாடிய மனிதர் அங்கே சற்று எட்ட இருக்கிறார்.

ஜோன்ஸ்டன் 2019 செப்ரெம்பரில் டெக்சாஸிற் காலமானார், வயது 58. அவரைக் கேட்க விரும்பும் நேயர்கள் ‘வொறீட் ஷூஸ்’ என்னும் பாட்டிலிருந்து தொடங்கலாம். ஒலியைப் பெருக்கவேண்டாம், பெட்டியருகே சிறிது சாய்ந்து உட்கார்ந்தாற் போதும்.