சோழவரம் போன வண்டியும் இருங்காட்டுக்கோட்டை போகிற வண்டியும்

ஆரணியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு ஸ்போர்ட்ஸ் காரில் கிளம்புகிறவர் நான்கு விதமான தரையைக் கடக்க வேண்டும். முதலில் நெசவாளர் தெரு. காலை நேரமென்றால் பாவு நீட்டியிருக்கும், நடை வேகத்துக்கு மேல் போக முடியாது. அடுத்து ஆற்காடு வரைக்கும் ஊருக்கு ஊர் வேகத்தடை. வாலாஜாவில் ஏறினால் தேசிய நெடுஞ்சாலை 48, அகலப்படுத்தும் வேலையும் மாற்றுப்பாதைகளுமாக. கடைசியில் 3.717 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பந்தயத் தடம். இந்த நான்கையும் அதே நான்கு ஸ்பிரிங்குகள்தான் தாங்கியாக வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன் சோழவரத்துக்கு வண்டி ஓட்டிப் போனவருக்கும் இதே கவலை இருந்தது. அதைத் தீர்க்கும் வழிதான் இடையில் அடியோடு மாறிவிட்டது.

சோழவரம் பந்தயத்துக்கென்று போட்ட தடம் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னைக்கு வடக்கே அமைத்த விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வண்டிகள் வந்து சேரும். வெளிநாட்டுப் பந்தய வண்டிகள் சில இருந்தாலும், கூட்டத்தின் கண்ணுக்குப் பழகியவை தெருவில் ஓடிய கார்களே: ஃபியட் 1100, அம்பாசடர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பலர் வீட்டிலிருந்து ஓட்டி வந்த வண்டியிலேயே பந்தயமும் ஓட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்பினார்கள். தெருவுக்கும் தடத்துக்கும் ஒரே வண்டி என்பது அன்று யாருடைய ஆசையும் அல்ல, வேறு வழியில்லாத நிலைமை.

அந்த வண்டிகளின் அடிப்பாகத்தை நினைத்துப் பார்த்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஃபியட்டுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் லாரிக்கு இருப்பதுபோல அடுக்குப் பட்டை. அம்பாசடருக்கு முன்பக்கம் சுருளே கிடையாது. நீளவாட்டில் ஓடும் இரும்புத் தண்டு முறுக்கிக்கொள்வதுதான் ஸ்பிரிங். அந்தத் தண்டின் பிடியை நகர்த்திப் பொருத்தினால் விறைப்பு மாறாமல் முன்பக்கத்தின் உயரம் மட்டும் ஏறும், இறங்கும். இன்று விளம்பரம் செய்து விற்கிற ஒரு வசதி அன்றைய டாக்சியிலேயே இருந்திருக்கிறது.

ஹெரால்டு இன்னும் நுட்பமானது, ஆபத்தானதும்கூட. பின்பக்கம் குறுக்காக ஒரே பட்டை. இரு சக்கரங்களும் தனித்தனியே ஊசலாடும் அச்சு. வளைவில் வேகமாக நுழைந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பாரம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், டயர் ஓரத்தில் நிற்கும், வண்டி சுழலும். இதற்கு மருந்தைப் பட்டறையில்தான் செய்தார்கள். குறுக்குப் பட்டையின் வளைவைக் குறைத்தால் வண்டி தாழும், சக்கரத்தின் தலை சற்று உள்ளே சாய்ந்து நிற்கும், மடங்குவதற்கு முன் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இன்றைய சொல்லில் நெகட்டிவ் கேம்பர். சுத்தியலும் பட்டடையும் அன்றைக்கு அதைக் கொடுத்தன.

மற்ற வேலைகளும் அதே வகைதான். சுருளில் ஒரு சுற்றை அறுத்தால் வண்டி தாழும், ஸ்பிரிங்கும் சற்றுக் கெட்டிப்படும். பட்டை அடுக்கில் ஒன்றைக் கூட்டினால் விறைப்பு, ஒன்றை எடுத்தால் நெகிழ்வு. பட்டைகளுக்கு இடையிலான உராய்வே பாதி ஷாக் அப்சார்பர் வேலையைப் பார்த்தது. கிரீஸ் வைத்தால் வண்டி மெத்தென்று போகும், காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். இவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை செய்தால் செய்ததுதான். அறுத்த சுற்றைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே அறுப்பதற்கு முன் நிறைய யோசித்தார்கள். அந்த யோசனை மெக்கானிக்கின் தலைக்குள் இருந்தது, ஏட்டில் இல்லை. அவர் கடையை மூடினால் அதுவும் போயிற்று.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மாருதி 800-இன் எஞ்சினை வைத்துக் கோவையில் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, தெருவுக்கு வராமல் தடத்தில் மட்டுமே ஓடும் வண்டியைப் பல இளைஞர்களுக்குக் கிடைக்கச் செய்தது. பின்னாளில் 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அதில்தான். 1990 வாக்கில் பந்தயம் சோழவரத்தை விட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தது. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு மெல்லத் திறந்தது. இப்போது ஸ்வீடனின் ஓலின்ஸ், ஜெர்மனியின் பில்ஸ்டைன், கே.டபிள்யூ, ஜப்பானின் டெய்ன் என்று எந்த நிறுவனத்தின் சஸ்பென்ஷனும் ஃபோனில் விலை கேட்கும் தூரத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள 3.5 கிலோமீட்டர் தெருக்களே இரவுப் பந்தயத் தடமாயின. நம் பக்கத்து ஊரான செய்யாற்றுக்கு அருகே 450 ஏக்கருக்கு மேல் பரந்த மஹிந்திராவின் சோதனைத் தடத்தில், வண்டிகளின் சஸ்பென்ஷனை நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் அமைந்த இன்றைய காயில்ஓவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த மாற்றம் புரியும். ஷாக் அப்சார்பரின் உடல் முழுக்க மரை வெட்டியிருக்கும். அதன்மேல் இரண்டு வளையங்கள். சி ஸ்பேனரால் ஒன்றை நெகிழ்த்தி மற்றதைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் இருக்கை ஏறி இறங்கும். நல்ல வகையில் அடிப்பிடியும் தனியே மரையில் ஏறும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் மாற்றலாம். உச்சியில் விரல் நுனி அளவில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் ‘டிக்’ என்று விரலில் ஒரு தட்டல் உணரலாம். ஒவ்வொரு தட்டலும் உள்ளே எண்ணெய் போகும் துளையை ஒரு மயிரிழை மாற்றுகிறது. முழுக்க மூடிவிட்டு அங்கிருந்து எண்ணிக்கொண்டே திறப்பது வழக்கம். பழைய கோனி ஷாக்குகளில் இதே வேலைக்கு ஷாக்கைக் கழற்றி, முழுக்க அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே திருக வேண்டும். இன்று டிக்கியைத் திறந்து அரை நிமிடத்தில் முடிகிறது. மின்னணு வகையில் அதுவும் வேண்டாம், ஒரு பொத்தான் போதும்.

வசதி இவ்வளவு கூடிய பிறகும் தேர்வில் தவறுகிறவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. திருகில் எத்தனை தட்டல் என்று பார்த்து வாங்குகிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பைக் கேட்பதில்லை. சாதாரணத் தெருக் கார் தன் ஸ்பிரிங்கின் மேல் வினாடிக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.5 தடவை மேலும் கீழும் ஆடும். இறக்கை இல்லாத தடத்து வண்டிக்கு 2 முதல் 2.5 வரை. கேட்க அற்பமான வித்தியாசம். ஆனால் 1.5-ஐ 2.2 ஆக்க, ஸ்பிரிங் இரண்டு மடங்குக்கு மேல் விறைக்க வேண்டும். 1.5-இல் வண்டியின் சொந்தப் பாரத்துக்கே சக்கரம் 11 செ.மீ. அமுங்கி நிற்கும், 2.2-இல் 5 செ.மீ. மட்டுமே. அதாவது பள்ளத்தில் இறங்கும் சக்கரம் தரையை எட்டிப் பிடிக்க மிச்சம் வைத்திருக்கும் கை நீளம் பாதியாகிறது. இந்தக் குறையை எந்தத் திருகாலும் ஈடுகட்ட முடியாது. டேம்பரை, அதாவது ஷாக் அப்சார்பரை, தளர்த்தினால் விறைத்த ஸ்பிரிங் அடக்க ஆளில்லாமல் வண்டியைத் தூக்கிப் போடும். இறுக்கினால் முதுகு வலிக்கும். ஆகவே தெருவுக்கும் தடத்துக்குமாக வாங்குகிறவர், ஸ்பிரிங்கை ஆற்காடு சாலைக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1.8-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. டேம்பர் மட்டும் தன்னால் முடிந்த அளவுக்கு நல்லதாக இருக்கட்டும். தடத்துக்கான மிச்சத்தைத் திருகும் கேம்பரும் பார்த்துக்கொள்ளும்.

உயரமும் அப்படித்தான். தாழ்ந்த வண்டி அழகு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நம் ஊர்களில் உயரத்தைத் தீர்மானிப்பது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவில் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். அந்த அளவில் போட்டால், இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காரின் வயிற்றுக்கு 5 செ.மீ. இடம்கூடத் தேவைப்படாது, ஏனென்றால் நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே நின்றுவிடும். ஊர்க்காரர்கள் ஜல்லியும் தாருமாகக் கொட்டிய அரை மீட்டர் அகல மேடு அப்படியல்ல. அது முழுசாக இரண்டு அச்சுகளுக்கு நடுவே புகுந்து வயிற்றில் அடிக்கும். ஹெரால்டு ஓடிய காலத்தில் சாலை குண்டும் குழியுமாக இருந்தது, வேகத்தடை அரிது. இன்று சாலை வழவழப்பு, ஊருக்கு ஊர் மேடு. சாலை நன்றாக ஆகஆக வண்டியைத் தாழ்த்த முடியாமல் போயிருக்கிறது.

அளவுக்கு மீறித் தாழ்த்தினால் தடத்திலும் நஷ்டம்தான். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வைத்த காரில் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கை, சக்கரப் பக்கம் மேல்நோக்கி நிற்கத் தொடங்கினால், வளைவில் சாய்கிற தன்மை குறைவதற்குப் பதிலாகக் கூடும், டயரும் ஓரத்தில் தேயும். 20, 25 மி.மீ. தாழ்த்தினால் போதும். சட்டமும் இருக்கிறது: பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொண்டு செய்வது பாதுகாப்பு.

தடத்தில் இறங்கிய பிறகு செய்ய வேண்டியவற்றுக்கு வரிசை உண்டு. முதலில் டயர் காற்று. பிறகு உயரம், நான்கு மூலையிலும் எடை, அதன்பின் கேம்பரும் சக்கர நேர்மையும், கடைசியாகத்தான் டேம்பர் திருகு. முன்பு எடையைப் பிரித்துப் பார்க்க எளிய வழி இல்லை. இன்று சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தட்டுத் தராசுகள் ஓட்டுநரை உட்காரவைத்தே கணக்குச் சொல்கின்றன. முன்பு டயரின் ஓரத்தில் சாக்பீஸ் தீட்டி, எதுவரை அழிந்தது என்று பார்த்தார்கள். இன்று உள், நடு, வெளி என மூன்று இடத்தில் ஊசி வெப்பமானி. உள்பக்கம் அளவுக்கு மேல் சுட்டால் கேம்பர் அதிகம், வெளிப்பக்கம் சுட்டால் போதவில்லை. மாறாதது ஒன்று உண்டு. ஊருக்குள் லேசர் அலைன்மென்ட் வந்துவிட்டாலும், பிட்டில் இன்றும் வண்டியின் இருபுறமும் நூல் கட்டித்தான் சக்கரத்தின் நேர்மையைப் பார்க்கிறார்கள். லாரிப் பட்டறைகளில் பார்த்த அதே முறை. அரை மி.மீ. பிசகும் அதில் தெரியும்.

டேம்பர் திருகில் கை வைக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பாவின் மேல் உள்ளங்கையை வைத்து இழுவை பார்க்கிற நெசவாளர், இழுவையையும் பலகை அடிப்பையும் ஒரே வேளையில் மாற்றமாட்டார்; மாற்றினால் சேலையில் விழுந்த குறை எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. முன் இரண்டுக்கும் இரண்டு தட்டல், ஐந்து சுற்று, நோட்டில் ஒரு வரி, பிறகு அடுத்தது. வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் வழுக்குகிறதா, வெளியேறும்போது பின்பக்கமா என்பதையும் அந்த வரியில் சேர்த்து எழுத வேண்டும். வீடு திரும்பும் எண்களும் அதே நோட்டில் இருக்கட்டும். பழைய மெக்கானிக்கின் தலைக்குள் இருந்தது இன்று நோட்டில் நிற்கிறது, யாருக்கும் கைமாறுகிறது. இதைப் பெரிய லாபமாகவே நினைக்கிறேன்.

நஷ்டம் வேறு பக்கம் இருக்கிறது. பட்டை உடைந்தால் ஆற்காட்டிலோ ஆரணியிலோ லாரிப் பட்டை கட்டுகிற பட்டறைக்குப் போகலாம். உடைந்ததை எடுத்துவிட்டு, வேறொன்றை அளவுக்கு வெட்டி, அடித்து வளைவேற்றி, சென்டர் போல்ட் போட்டு, சாயங்காலத்துக்குள் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். உயர் அழுத்த நைட்ரஜன் அடைத்த டேம்பரை அவர்களால் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. சீல் கசிந்தால் பெட்டியில் வைத்து நகரத்துக்கு அனுப்ப வேண்டும், சில வகைகளுக்கு வெளிநாட்டிலிருந்து சீல் வர வேண்டும். தூசும் மேடுமான நம் சாலையில் பாலிஷ் செய்த தண்டு சீக்கிரம் கீறுகிறது, சரிபார்க்கும் தவணையும் அதனால் நெருங்கி வருகிறது. காயில்ஓவர் வாங்குகிறவர் கம்பெனி ஷாக் செட்டை விற்றுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். டேம்பர் பெட்டியில் போயிருக்கும் வாரங்களில் வண்டி அதில்தான் ஓடும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை தட்டல்?’ அல்ல, ‘இதைத் திறந்து எண்ணெய் மாற்றத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார்?’ என்பதே. சென்னையிலும் கோவையிலும் பந்தய அணிகளை ஒட்டி அந்த வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. பட்டை கட்டப் பழகிய வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் அங்கே போய் அதைக் கற்றுக்கொண்டு ஆற்காட்டில் கடை போட்டால், இந்தப் பகுதியில் முதல் வாடிக்கையாளர்களுக்குக் குறைவிருக்காது.