பார்க்கிங் கிடைக்காததற்கு ஒரு கணக்கு

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. தி.நகர் உஸ்மான் ரோட்டில் கடை வாசலில் இறக்கிவிட்டு, "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேம்மா"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன். திரும்பி வர 50 நிமிஷம் ஆச்சு. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். ஒரு தெருவில் பாதி இடங்கள் நிரம்பியிருந்தால், சராசரியாக 2 இடம் பார்த்தால் ஒன்று காலி. 85% நிரம்பினால் சுமார் 7 இடம். 95% என்றால் 20. 99% என்றால் 100! ஒரு காருக்கு 6 மீட்டர் வைத்தால் 600 மீட்டர் ஊர்ந்து போகணும். அதாவது கஷ்டம் படிப்படியாக ஏறுவதில்லை. 90ஐத் தாண்டியதும் செங்குத்தாக எகிறுகிறது.

ப்ரோகிராமர்களுக்கு இது பழைய கதை. ஹேஷ் டேபிள் நிரம்ப நிரம்ப இப்படித்தான் படுத்துவிடும். 1966இல் கோன்ஹைம், வைஸ் இருவரும் இதை ஆராய்ந்தபோது ஒருவழிப் பாதையில் கார் நிறுத்துவதைத்தான் உதாரணமாக எடுத்தார்கள். தூங்கி எழும் மனைவி திடீரென்று "இங்கேயே நிறுத்துங்க" என்பார், கணவர் அடுத்த காலி இடத்தைத் தேடுவார். நம்ம வீட்டுக் கதைதான்.

இதையே நகரத்துக்குப் பொருத்திப் பார்த்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சலஸில் வெறும் 15 பிளாக் உள்ள வெஸ்ட்வுட் வில்லேஜில் ஆள் வைத்து அளந்தார். ஒருவர் இடம் தேடுவது சராசரியாக 3.3 நிமிஷம்தான். ஆனால் எல்லோருடைய சுற்றலையும் கூட்டினால் வருஷத்துக்கு 9,50,000 மைல்! அவர் சொன்ன வைத்தியம்: 100க்கு 15 இடமாவது காலியாக இருக்கிற அளவுக்குக் கட்டணத்தை வை, வசூலை அந்தத் தெருவுக்கே செலவு செய்.

"காசு உள்ளவனுக்கு மட்டும்தான் ரோடா?" என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். அன்று நான் ஊர்ந்துகொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் ஒரு மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. உள்ளே எப்படியும் ஐம்பது பேர் இருப்பார்கள். இலவச பார்க்கிங்குக்கு அவர்கள்தான் நேரமாகக் கட்டணம் கட்டினார்கள்.

கட்டணம் வைத்தால் மட்டும் நம்ம ஊரில் போதுமா? எனக்குச் சந்தேகம்தான். வீட்டு வாசலில் பூந்தொட்டி, கருங்கல், உடைந்த நாற்காலி வைத்துப் பொதுத் தெருவையே ரிசர்வ் செய்கிற ஊர் இது. டோக்கியோவில் வேறு வழி. கார் பதிவு செய்ய வேண்டுமானால், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் சொந்தமாகவோ வாடகைக்கோ நிறுத்த இடம் இருப்பதைக் காட்டி போலீஸ் சான்றிதழ் வாங்கணும். ராத்திரி தெருவில் விட்டு வைக்க முடியாது.

எங்க அபார்ட்மென்ட்டில் எனக்கு ஒரே ஸ்லாட், கார் ரெண்டு. ரெண்டாவது இப்பவும் தெருவில்தான் நிற்கிறது. டோக்கியோவாக இருந்தால் அதை என் பேருக்குப் பதிவு செய்தே தந்திருக்க மாட்டார்கள்.