உலாவி மறித்தால் பூட்டை உடைக்காதீர்கள்

நிலாவெளி, உப்புவெளிக் கரையோர விடுதிகள் பலவற்றுக்குச் சொந்த இணையத்தளம் இருக்கிறது. அறை முன்பதிவும் புறாத்தீவுப் படகும் ஒரே பக்கத்தில். அதற்குள் ஒரு சட்டகமாக, அதாவது ஐஃப்ரேமாக, பணம் அறவிடும் நிறுவனத்தின் அட்டைப் படிவம் திறக்கும். விருந்தாளியின் கண்ணுக்கு அது ஒரே தளம், உலாவிக்கு இரண்டு. விடுதித் தளத்தின் நிரல் அந்தச் சட்டகத்துக்குள் கைவைத்தால், உலாவி அதை மறித்துச் சிவப்பெழுத்தில் பிழை காட்டும்.

தளம் அமைக்கும் இளைஞர்கள் அலுத்துக்கொள்ளும் இந்த மறிப்பு, 1995இல் நெட்ஸ்கேப் உலாவியோடு வந்த விதி. நெறிமுறை, தளப்பெயர், போர்ட் எண் மூன்றும் ஒத்திருந்தால்தான் ஒரு பக்கம் மற்றதன் உள்ளடக்கத்தை வாசிக்கலாம். இந்த விதி எதற்கு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் புகுத்தப்பட்ட திருட்டு நிரல், பயணிகள் தட்டிய அட்டை விவரங்களை அப்படியே அள்ளிச் சென்றது. 2020இல் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண் தண்டம். அட்டை விவரம் தட்டும் பெட்டிகள் வேறு தளத்துச் சட்டகத்துக்குள் இருந்திருந்தால், அந்த நிரலால் அவற்றை நேரே வாசித்திருக்க முடியாது.

ஆகவே மறிப்பை நீக்கக் குறுக்குவழி தேடுவது ஆபத்து. குரோமின் பாதுகாப்பை அணைத்துவிட்டு ஓட்டினால் உங்கள் கணினியில் மட்டுமே பிழை மறையும், விருந்தாளியின் கைபேசியில் மறையாது. அதைவிட மோசமானது, வங்கிப் பக்கத்தை உங்கள் சேர்வர் வழியாக இழுத்து உங்கள் பெயரிலேயே காட்டுவது. அப்போது விருந்தாளியின் கடவுச்சொல் உங்கள் கைக்குள் வந்து விழுகிறது. இதை யாரும் செய்யக்கூடாது.

இரண்டு பக்கமும் உங்களுடையவை என்றால் முதலில் முகவரியைப் பாருங்கள். ஒன்று எச்டிடிபி, மற்றது எச்டிடிபிஎஸ் என்றிருக்கலாம். ஒன்றில் மூன்று டபிள்யூ இருந்து மற்றதில் இல்லாமலிருக்கலாம். ஒரே வடிவத்துக்கு மாற்றினாலே பல பிழைகள் தீரும். மற்றது பிறருடைய தளமானால் 'போஸ்ட்மெசேஜ்' என்ற உலாவி வசதி வழியே செய்தி பரிமாறுங்கள். அனுப்பும்போது பெறுநர் முகவரியில் நட்சத்திரக்குறி போடாமல் முழு முகவரியை எழுதுங்கள். வரும் செய்தியில் அனுப்பியவரின் மூலத்தைச் சரிபார்த்த பிறகே நம்புங்கள். பணம் கிடைத்ததா என்பதை அந்தச் செய்தியை வைத்து முடிவுகட்டாமல், உங்கள் சேர்வர் அறவிடும் நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யட்டும். சட்டகத்துக்குள் திறக்கவே மறுக்கும் தளத்துக்குப் புதிய சாளரத்தில் இணைப்புக் கொடுத்தால் போதும்.

விடுதி உரிமையாளர்களே, அட்டை இலக்கம் எங்கள் சேர்வரைத் தொடுகிறதா என்று தளம் அமைப்பவரிடம் கேளுங்கள். எங்கள் உள்நுழைவுப் பக்கத்தை வேறு தளம் சட்டகத்துக்குள் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத சட்டகத்தின் மேல் சொடுக்க வைத்து ஏமாற்றும் 'கிளிக்ஜாக்கிங்' அப்படித்தான் நடக்கிறது. 'ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ்' என்ற கட்டளை அதைத் தடுக்கும்.

இலங்கையில் 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்குகிறது. 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவைக் காக்கும் பொறுப்பை அதைக் கையாள்பவர் மீது வைக்க இயற்றப்பட்டது. விருந்தாளிகளே, உங்கள் அட்டையில் தெரியாத கழிப்பு வந்தால், உடனே அதன் பின்புறமுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அட்டையை முடக்குங்கள். பிறகு கணினி அவசர உதவிக் குழுவான இலங்கை சேர்ட்டின் 101 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் பொலிசுக்கும் முறையிடலாம். வங்கி அசட்டை செய்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கம் இருக்கிறது. வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியையும் பக்கத்தின் திரைப்பிடிப்பையும் அழிக்காதீர்கள். முறைப்பாட்டுக்கு அவைதான் சான்று.