அஞ்சாமையும் அருட்டுணையும்

நன்றென்று தெளிந்ததனை நாம் செய்யாதொழிவது பெரும்பாலும் அறியாமையால் அன்று, அச்சத்தாலேயாம். பொய்க்கணக்கிற் கையெழுத்திட மறுப்பின் பிழைப்புக் கெடுமே என்றும், உற்றார்க்கு மாறாக மெய்ச்சான்று கூறின் பகை விளையுமே என்றும் அஞ்சி, அறிந்த அறத்தைக் கைவிடுகின்றோம். சிவபெருமானை நம்பினேம் என்பார்க்கு இது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திருநாவுக்கரசு நாயனார் சமணம் விட்டுத் திருவதிகையிற் சைவஞ் சார்ந்தபின், பல்லவ வேந்தன் அவரைக் கொணருமாறு மந்திரிகளை ஏவினான். அவ்வேந்தன் கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றறிஞர். அவ்வாணைக்கு நாயனார் இறுத்த விடை ஆறாந் திருமுறையில் மறுமாற்றத் திருத்தாண்டகமாக விளங்குவதைப் பலரும் அறிவர். அதன்பின் நிகழ்ந்ததே ஊன்றி நோக்கற்பாலது. மந்திரிகள் அடிவணங்கி வேண்ட, நாயனார் உடன்செல்ல இசைந்தார். ஆணைக்கு அடங்காதவர் வேண்டுகோட்கு இணங்கினார். இணங்கியதற்குச் சேக்கிழார் பெருமான் காட்டுங் காரணம், நேரும் வினைகளுக்கு இறைவன் இருக்கின்றான் என்னுந் துணிபு ஒன்றே. தீங்கு வாராது என்றேனும், வரின் இவ்வாறு நீங்கும் என்றேனும் நாயனார் கருதியதாக அவர் கூறிற்றிலர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் பின்னர் வந்தன. அவற்றினின்று காத்த அற்புதங்களும் பின்னரே நிகழ்ந்தன. துணிபோ முன்னரே நின்றது.

இத்துணிபின் பொருளைச் சித்தாந்தங் கொண்டு தெளியலாம். முன்செய்த வினையுள் இப்பிறப்பில் நுகர்தற்கு வந்தது பிராரத்தம். நுகருங்கால் நாம் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். நமக்கு நேருந் துன்பம் பிராரத்தத்தின்பாற்படும். அதனைக் கூட்டுவிப்பவன் சிவபெருமான். கூட்டுவிப்பதும் மலம் பக்குவமுறும் பொருட்டே. அத்துன்பத்திற்கு அஞ்சி நாம் செய்யுந் தவறோ ஆகாமியமாம். எனவே, இறைவன் அளந்து ஊட்டுவதற்கு அஞ்சி, அவன் விலக்கியதைச் செய்கின்றோம். கழியவேண்டிய கடனுக்கு அஞ்சிப் புதுக்கடன் வாங்குவானை இது நிகர்க்கும்.

அற்றேல், எல்லாம் வினைவழி நிகழுமாதலின் நாம் வாளா இருத்தலே அமையும் எனின், அமையாது. வருவதை ஏற்றல் வேறு. செய்யத்தக்கதைச் செய்யாமை வேறு. நாயனார் வருவதை ஏற்றார். ஆயின், மறுக்கத்தக்கதை மறுத்தே ஏற்றார்.

நம் மனம் எண்ணியதெல்லாம் அறமாமோ எனின், ஆகாது. நூலாலும் நல்லாசிரியராலும் தெளியப்பெறாத பிடிவாதம் தற்போதமே, நம்பிக்கை அன்று. இரண்டனையும் பிரித்தறிதற்கு ஓர் அடையாளம் உண்டு. தற்போதமுடையான் தன்னை வருத்தினாரைப் பகைப்பான். நாயனாரிடத்து அப்பகை இல்லை. துன்புறுத்திய வேந்தனே பின்னர் அவரைப் பணிந்து சைவஞ் சார்ந்தான் எனப் பெரியபுராணங் கூறும்.

ஆதலின், அறம் இன்னதென்று தெளிந்தவழிப் பயனை அளந்து பார்த்து நில்லாது செய்க. விளைவு இறைவனது; செயல் நமது. நீற்றறை நம்மனோர்க்கு வாராது. ஒரு கையெழுத்தும் ஒரு சான்றுமே வரும். அச்சிறு பொழுதிற் பிறழாது நிற்றலே நம்மால் இயலும் இறைபணியாம். அதற்குத் திருவருள் முன்னிற்க.